பச்சை மூடி டப்பாவும் மூன்று வாசலும்

பாசத்துக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் புதன்கிழமை காலை, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவது. இங்கே உங்கள் தங்கை சுகம், உங்கள் மருமகள் சுகம், என் முழங்கால் வழக்கம்போல. அங்கே ஒரு மாதப் பயிற்சி நல்லபடியாக முடிகிறதென்றும், விடுதித் தலையணை உங்கள் கழுத்தை வாட்டவில்லை என்றும் நம்புகிறேன். தலையணையைப் பற்றி விசாரிக்கச் சொன்னவள் உங்கள் தங்கை. அது போன வாரம். இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் உங்கள் கழுத்தை விட்டுவிட்டு என் கழுத்தைப் பிடிப்பாள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: யாருக்கும் அடிபடவில்லை, எந்தப் படகும் மூழ்கவில்லை, என் மீது வழக்கு எதுவும் இல்லை. இதைப் படித்ததும் உங்களுக்கு நெஞ்சு படபடத்தால் மன்னிக்கவும்; நீங்கள் நிம்மதியாகப் படிக்கட்டும் என்றுதான் எழுதினேன். போனில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். பகலெல்லாம் வகுப்பு வாசலிலேயே உங்கள் போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். சாயங்காலம் கூப்பிட்டால், "என்ன மாப்ளே, சொல்லுங்க" என்று உங்கள் குரல் வரும், சொல்ல வந்ததை விட்டுவிட்டு "அங்கே மழையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். நான்கு நாளாக நான் மழையைப் பற்றியே விசாரித்தது இதனால்தான்.

விஷயம் இதுதான். நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, உங்கள் மருமகளின் குழு கல்லூரியில் பேசப்போகிறது. துறைமுகப் பாதுகாப்பு அதிகாரி என்ற முறையில் நீங்கள் முன்வரிசையில், உங்கள் பதவி உயர்வைத் தீர்மானிக்கப்போகும் பெரியவர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பீர்கள். அப்போது திரையில் ஒரு சாப்பாட்டு டப்பாவின் படம் வரும். பச்சை மூடி, வலது ஓரத்தில் லேசான நசுங்கல். அது நம் வீட்டு டப்பா. அதைப் பிடித்திருக்கும் கை என் கை.

வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்குக் குழம்பிவிடும். முப்பத்தோரு வருஷம் ரயில் நிலையத்தில், தொலைந்த பொருள் பிரிவில் பதிவேடு எழுதியவன் நான். எங்கே, எப்போது, என்ன நிறம் என்று எழுதாமல் எனக்கு எதுவும் நடந்ததாகவே தோன்றாது. பத்து வாரத்துக்கு முன்னால் நீங்கள்தான் அந்தப் பிள்ளைகளிடம் ஒரு பிரச்சினையைக் கொடுத்தீர்கள். துறைமுகத்துக்குள் அடையாளம் தெரியாத ஆட்கள் நுழைவதை எப்படிக் கண்டுபிடிப்பது? நான்கு பேர் குழு. அதில் 'ஒட்டகம்' என்று கூப்பிடப்படும் நெட்டையான பையன் முதல் நாளே பறக்கும் கேமரா ஒன்றை வரைந்து, வண்ணமும் அடித்துக் கொண்டுவந்துவிட்டான். அவர்களுடைய பேராசிரியை அம்மா அந்தத் தாளை வாங்கி, குப்புறக் கவிழ்த்து வைத்து, "நீ கண்டுபிடிச்சது அப்படியே இருக்கட்டும். இந்தப் பிரச்சினையோட தினமும் வாழறவங்க நூறு பேர்கிட்டப் போய்ப் பேசிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். வாரத்துக்குப் பத்துப் பேர். பேசப்படுகிறவருக்கு 'வாடிக்கையாளர்' என்று பெயர். கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர், "நான் எதுவும் வாங்கறதா இல்லப்பா" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப்போனவர் மாலைவரை இறங்கவே இல்லையாம்.

அந்தப் பேட்டிக்குச் சட்டதிட்டங்கள் உண்டு, மச்சான். 'உங்களுக்கு இது பிடிக்குமா' என்று கேட்கக் கூடாது. 'கடைசியா எப்போ நடந்துச்சு, அப்போ என்ன பண்ணீங்க' என்றுதான் கேட்க வேண்டும். பதில் வந்தால் 'ஏன்' என்று கேட்க வேண்டும். அதற்கும் பதில் வந்தால் மறுபடியும் 'ஏன்'. இப்படி ஐந்து தடவை. உங்கள் மருமகள் இதை வீட்டில் பழகிப் பார்த்தாள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று உங்கள் தங்கை சொன்னாள், அவ்வளவுதான், ஐந்தாவது 'ஏன்' முடிந்தபோது குழாய் ஒழுகுவதற்குக் காரணம் நான் என்று ஆகிவிட்டது. முழங்கால் வலி என்றேன். "அது அறிகுறிப்பா, பிரச்சினை இல்ல" என்றாள். ஏதாவது கேள்விப்பட்டதைச் சொன்னால், "நீ பாத்தியா, யாரோ சொன்னாங்களா?" என்று நோட்டும் பேனாவுமாக வந்து நிற்பாள். வீட்டில் வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால், நீங்கள் பயிற்சிக்குக் கிளம்பிப்போன இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, அவள் சாப்பாட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். "பிள்ளை வெயில்ல அலையுது, கொண்டுபோய்க் குடுங்க" என்றாள் உங்கள் தங்கை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் போக வேண்டும் என்றுதான் இருந்தது. நேற்று வளர்ந்த பெண், படகுக்காரர்களிடமும் சுமை தூக்குகிறவர்களிடமும் போய், 'உள்ள திருட்டுத்தனமா வரணும்னா எப்படி வருவீங்க?' என்று கேட்டுக்கொண்டு திரிந்தால் எந்த அப்பன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பான்? அவளை யாராவது சந்தேகப்பட்டுப் பிடித்து வைத்துவிட்டால்? அதனால் ஒரு கையில் டப்பா, இன்னொரு கையில் குடையோடு கிளம்பினேன்.

முதல் வாசலில் காவலர் நின்றிருந்தார். அடையாள அட்டை கேட்பார், வீட்டு முகவரி கேட்பார், எதற்கும் இருக்கட்டும் என்று ஓய்வூதியப் புத்தகத்தைக்கூட எடுத்துப் போயிருந்தேன். அவர் டப்பாவைப் பார்த்தார். "யாருக்கு?" என்றார். "பொண்ணுக்கு" என்றேன். "நேராப் போயி இடது பக்கம் திரும்புங்க" என்றார். எந்தப் பெண் என்று கேட்கவில்லை! இரண்டாவது வாசலில் அட்டையைத் தேய்த்தால்தான் கதவு திறக்கும். என் இரண்டு கையும் வேலையாக இருப்பதைப் பார்த்த ஒரு தொழிலாளி, பாவம், தன் அட்டையைத் தேய்த்து, கதவைப் பிடித்துக்கொண்டு, "பாத்து வாங்க" என்றார். மூன்றாவது, படகுத்துறை வாசல். அங்கே இருந்தவர் பதிவேட்டைத் திறந்தார். பதிவேட்டைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. அவர் டப்பாவைப் பார்த்துவிட்டு அதை மூடினார். "ஸ்டூடன்ட்ஸ் படகுப் பக்கம் போனாங்க" என்று ஒரு படகைக் கைகாட்டினார். அதில் இருந்தவர் கைகொடுத்து என்னை ஏற்றிவிட்டார். படகு கிளம்பிவிட்டது.

அது உங்கள் ரோந்துப் படகு, மச்சான். நீங்கள் ஊரில் இருந்தால் தினமும் போகிற படகு. துறைமுக வாய்ப்பக்கம் அடையாளம் தெரியாத ஆள் யாரோ தென்பட்டதாகத் தகவலாம், அந்த ஆளைத் தேடிப் போகிறார்கள். அடையாளம் தெரியாத ஆளாகிய நானோ நடுப்பலகையில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு டீ கொடுத்தார்கள். ஒருவர் தொலைநோக்கியைக் கையில் கொடுத்து, "பெரியவரே, அந்தப் பக்கம் நீங்க பாத்துக்கங்க" என்றார். நான் யார் என்று சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன். என்ஜின் சத்தத்தில் அவர்கள் தலையாட்டினார்கள். நாற்பது நிமிஷம் நானும் மனசாட்சிக்கு விரோதமில்லாமல் என் பக்கத்தைப் பார்த்தேன். சந்தேகப்படும்படி யாரும் இல்லை.

திரும்பி வந்தபோது கரையில் உங்கள் மருமகள் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் 'அப்பா' என்று அலறுவாள், ஓடிவருவாள் என்று நினைத்தேன். வாயைப் பிளந்தாள், மூடினாள், நோட்டைத் திறந்தாள். "அப்பா, எங்கயும் போகாத. எப்படி உள்ள வந்த? முதல்லேருந்து சொல்லு" என்றாள். அப்படித்தான் நான் அறுபத்தேழாவது வாடிக்கையாளர் ஆனேன். அப்போது எடுத்ததுதான் அந்த டப்பாப் படம். நான் சொல்லச் சொல்ல ஒட்டகம் தன் பறக்கும் கேமராப் படத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டது. பையன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அதோடு விட்டார்களா? மிச்சம் முப்பத்து மூன்று பேரிடமும் டப்பாவைப் பற்றியே கேட்டார்கள். டப்பாவோடு வந்தவரைக் கடைசியாக எப்போது நிறுத்தினீர்கள்? யாரும் நிறுத்தியதே இல்லை. ஏன்? "சாப்பாட்ட நிறுத்தினா உள்ள ஒருத்தன் பட்டினி கெடப்பான்மா" என்றாராம் முதல் வாசல் காவலர். தினமும் நூறு டப்பா வருகிறது. ஏன்? உள்ளே கேன்டீன் மூடிக் கிடக்கிறது. ஏன்? அந்த அறையில் எட்டு மாதமாகக் கண்காணிப்புத் திரைகள் வைத்திருக்கிறார்கள். ஏன்? பாதுகாப்பைப் பலப்படுத்த. ஏன் அந்த அறையில்? அங்கேதான் வைக்க வேண்டும் என்று அதிகாரி உத்தரவு.

ஐந்தாவது 'ஏன்' முடிகிற இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள், மச்சான்.

ஐயோ, எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எத்தனை விருந்தில் என் தோளைத் தட்டி, "மாப்ளே, என் கேட்டைத் தாண்டி ஒரு ஈ உள்ள போகாது" என்றிருப்பீர்கள்! நான் ஈயில்லை, அறுபத்தோரு வயது ஆள், குடையோடு போயிருக்கிறேன். படத்தை எடுத்துவிடு என்று பெண்ணிடம் கெஞ்சினேன். "மாமா பேரைச் சொல்லமாட்டோம்பா" என்றாள். "பேரைச் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன? முன்னாடி உக்காந்திருப்பாரேடி, அத்தனை பேரும் திரும்பிப் பாப்பாங்களே!" என்றேன். "அப்பா, நீ நல்ல மனுஷன், டப்பாவுல சாப்பாடு இருந்துச்சு. வேற யாராவது வேற எதையாவது வச்சுக் கொண்டு வந்திருந்தா? மாமா தினமும் அந்தப் படகுலதானப்பா போறாரு" என்றாள். அவள் நடை பழகியது உங்கள் விரலைப் பிடித்துத்தான்.

தீர்வையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வாசலுக்கு வெளியே ஒரு மர அலமாரி. டப்பாவை அங்கே வைத்து அதில் எண் போட்ட வில்லையை மாட்டிவிட வேண்டும், உள்ளே இருப்பவர் வந்து தன்னிடம் இருக்கும் அதே எண்ணுள்ள வில்லையைக் காட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். நூறு பேட்டிக்கு ஒரு அலமாரி! வில்லை யோசனை என்னுடையது. ரயில் நிலையத்தில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். ஒட்டகம் என் கையைப் பிடித்துக் குலுக்கியது. பெருமைப்பட்டுக்கொண்டேன், அதையும் மறைக்க விரும்பவில்லை.

இப்போது என் வேண்டுகோள். படத்தைக் காட்ட அவசியமே இல்லை, ஏனென்றால் எல்லாம் சரியாகிவிட்டது. உங்கள் உதவி அதிகாரிக்கு விஷயம் காதில் விழுந்து, உங்களிடம் சொல்லத் தைரியமில்லாமல், நேற்றே முதல் வாசலில் ஆளுயரப் பலகை மாட்டிவிட்டாராம்: 'அனுமதிச் சீட்டு இல்லாதவர் உள்ளே வரக் கூடாது. உணவு கொண்டுவருபவர் உட்பட.' இனி ஈ என்ன, கொசுகூட நுழையாது. பிரச்சினையே தீர்ந்த பிறகு அதைத் திரையில் போட்டு ஊரைக் கூட்டுவானேன்? வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் மருமகளைத் தனியாகக் கூப்பிட்டு, 'அதெல்லாம் சரி பண்ணியாச்சு, படத்தை எடுத்துடும்மா' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். நானும் இனிமேல் துறைமுகம் இருக்கிற திசைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன், இது சத்தியம்.

உங்களுக்குப் பதவியும், படகுக்கு நல்ல காற்றும், கழுத்துக்கு நல்ல தலையணையும் அமையட்டும். உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு என் ஆசியும். என்னை மன்னித்துவிட்டதாக மழையைப் பற்றியாவது இரண்டு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் நிம்மதிக்காக எதையும் மறைக்கத் தயாரான
மாப்பிள்ளை

பின்குறிப்பு: இன்று வியாழன், மதியம் மூன்று மணி. இந்தக் கடிதத்தை அனுப்பப் போனால், சனிக்கிழமைதான் போய்ச்சேரும் என்று கூரியர் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். நீங்களோ வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நேராக அலுவலகம் வருகிறீர்கள். வேறு வழி தெரியவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டேன். வெறும் டப்பா.

முதல் வாசலில் அந்தப் பலகை இருக்கிறது, யாரோ சொன்னதில்லை, நானே பார்த்தேன். காவலர் அதற்குப் பக்கத்திலேயே நின்று, "குனிஞ்சு வாங்க, போர்டு தலையில இடிக்கும்" என்றார். இரண்டாவது கதவைத் திறந்துவிட்டவர் வேறு ஆள், இவரும் நல்ல மனிதர். மூன்றாவது வாசலில் இந்தத் தடவை பதிவேட்டைத் திறக்கவே இல்லை. உங்கள் அறையைத் துப்புரவு செய்கிற அம்மா சாவி போட்டுத் திறந்து, "சார் நாளைக்குத்தானே வர்றாரு?" என்றார். "அவருக்குத்தான்மா" என்றேன். "அப்ப உள்ள வச்சிட்டுப் போங்க" என்றுவிட்டுப் போய்விட்டார். இதை உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே உங்கள் படகு ஆடிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு சுலபமாக இருக்கக் கூடாது, மச்சான்.

அதனால் மேலே என் வேண்டுகோள் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். பிள்ளை பேசட்டும். படம் பெரியதாகவே வரட்டும். எல்லாரும் திரும்பிப் பார்த்தால் நீங்கள் எழுந்து, 'அது என் மாப்பிள்ளைதான்' என்று சொல்லுங்கள்.

கையில் டப்பா இல்லாமல் வெளியே போனால் என்னைப் பிடித்தாலும் பிடிப்பார்கள். வாசலில் யாராவது உட்காரவைக்கப்பட்டிருந்தால் போகிறபோக்கில் விசாரிக்கவும். டப்பாவைக் கடிதத்தோடு இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன், கடிதத்தை உள்ளே வைத்து மூடி. மூன்று வாசலைத் தாண்டி வந்த இந்த டப்பாவை முதன்முதலாகத் திறந்து பார்த்தவர் நீங்கள்தான்.