மெசின் விற்காத ஏலாதார்

திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்கள் தரைதட்டியிருக்கலாம். ஆனால் நின்ற நிலையில் ஒரு கடையையே தரைதட்ட வைத்தவர் ஏலாதார் ஒருவர்தான்.

அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்ட புதிதில், துறைமுக வீதியில் இருந்த உழவு மெசின் கடையொன்றில் நான் கணக்கு எழுதினேன். கடை வாசலில் மூன்று அளவுகளில் மெசின்கள் நின்றன. பின்னால் நடந்துகொண்டே உழும் இரண்டு சில்லு மெசின், ஏறி இருந்து ஓட்டும் சின்ன நாலு சில்லு மெசின், யானைக்குட்டி போல ஒரு பெரிய நாலு சில்லு மெசின். அவற்றை விற்பது ஏலாதாரின் வேலை. முதலாளியின் மனைவிக்கு அவர் மூத்த அண்ணன். அதனால் அவரை வேலையிலிருந்து நிறுத்துவதும் ஏலாத காரியம்.

நெட்டையான மனிதர். செத்தவீட்டிலிருந்து நேரே வந்தவர் போன்ற முகம். எதைக் கேட்டாலும் முடியாது என்ற பொருளில் “ஏலாது” என்பதால் ஊர் வைத்த பெயர் ஏலாதார்; சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியே பார்க்கமாட்டார்.

ஒருநாள் கிண்ணியாவிலிருந்து ஒரு ஹாஜியார் வந்து பெரிய மெசினின் முதுகில் தட்டிக்கொடுத்தார். வாங்கும் முடிவோடுதான் வந்திருந்தார்.

“காணி ஒரே துண்டோ, ஹாஜியார்?” என்று ஏலாதார் கேட்டார்.

“இல்ல, சின்னச் சின்னத் துண்டு. தம்பிமாரோட பிரிச்சது.”

“அப்ப ஏலாது. உழும்தான். ஆனா திரும்பிறதெண்டா தம்பியின்ர துண்டுக்கதான் போய்த் திரும்போணும். தம்பியோட கதைக்கிறனீங்களோ?”

ஹாஜியார் தம்பியோடு கதைப்பதில்லை. “அப்ப இந்தச் சின்னதைத் தாங்க.”

“உங்கட பக்கத்துச் சேத்துக்க அது நிண்டிடும்.”

“ரெண்டு சில்லு?”

“அதுக்குப் பின்னால நடக்கோணும். முழங்கால் எப்பிடி?”

ஹாஜியார் தன் முழங்காலைத் தடவிப் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியை விசாரித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்புவழிபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் தென்னங்காணிக்கு மெசின் தேடி வந்தார். பெரிய மெசின் மரங்களுக்கு இடையில் போகாது, சின்ன மெசின் போகும், போனால் வேரை அறுக்கும், வேர் அறுந்தால் மரம் பட்டுப்போகும் என்று விளக்கி, கடைசியில் ஒரு மண்வெட்டி வாங்கச் சொன்னார் ஏலாதார். மண்வெட்டி எங்களிடம் இல்லை. எதிர்க்கடைக்குக் கை காட்டினார்.

அவர் சொன்னதெல்லாம் பலித்ததென்றும் நினைக்கவேண்டாம். தம்பலகாமத்துக்காரர் ஒருவர் அவர் பேச்சைக் கேளாமல் வேறு கடையில் பெரிய மெசின் வாங்கினார். அடுத்த போகம், மெசினுக்குப் பின்னால் கொழுவிய பெட்டி நிறையச் சொந்தக்காரரை ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் வாசலில் நிறுத்தி ஹோர்ன் அடித்தார்.

“என்ன, ஏலாதெண்டு சொன்னியள்! இப்ப ஊருக்கே நான்தான் உழுறன்!”

ஏலாதார் மெசினை ஒருமுறை சுற்றிவந்து, வானத்தை அண்ணாந்து பார்த்தார். “மழை இன்னும் வரேல்லை.”

மழை வந்தது. மெசினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏலாதார்தான் நனைந்து காய்ச்சலில் படுத்தார்.

இப்படியே போனால் எதுதான் விலைப்படும்? மெசின்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கொழும்பிலிருந்து கம்பனிக்காரர் நெருக்கினார்கள். எனக்கு வீட்டில் பிள்ளைகள்; இந்த வேலையை விட்டால் வேறு வேலை இல்லை. முதலாளி ஏலாதாரைக் கையெடுத்துக் கும்பிட்டார். “மச்சான், இனி ஆக்கள் வந்தா வாய் திறவாதேங்கோ. கடையைப் பூட்டவேண்டி வரும்.”

ஏலாதார் தலையாட்டினார்.

அந்தக் கிழமையே ஈச்சிலம்பற்றிலிருந்து கனகம்மா என்ற பெண் வந்தார். புருசன் இல்லை. வயலைத் தானே செய்கிறவர்.

“கூலிக்கு மெசின் பிடிச்சா, ஆம்பிளையளின்ர வயலெல்லாம் முடிச்சுப்போட்டுத்தான் என்னட்ட வாறாங்கள். அதுக்குள்ள தண்ணி வத்திப்போகுது. எனக்கெண்டு ஒண்டு வேணும்.”

முதலாளி பெரிய மெசினைப் புகழத் தொடங்கினார். ஏலாதார் மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

கனகம்மா திரும்பிப் பார்த்தார். “அந்த ஐயா ஏன் அழுறார்?”

உண்மைதான். கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

“அவருக்குக் கண்வருத்தம்,” என்றார் முதலாளி.

“இல்லை, அவர் ஏதோ சொல்லப்போறார். சொல்லட்டும்.”

ஏலாதார் கையை எடுத்தார். காணி எவ்வளவு, வரம்பு எப்படி, சேறு எவ்வளவு, ஓட்டுவது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் மெல்லப் போய்ச் சின்ன நாலு சில்லு மெசினில் கை வைத்தார்.

“இது சரிவரும், தங்கச்சி.”

முதலாளி அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

மெசின் போனது. ஏலாதாருக்குச் சோறும் போனது, நித்திரையும் போனது. “நான் ஏன் தம்பி அப்பிடிச் சொன்னனான்? ஒரு மனுசி என்னை நம்பிக் கொண்டுபோட்டுது,” என்று என் மேசைக்கருகே வந்து வந்து புலம்பினார். சொல்லிவைத்தாற்போல, வயலில் மெசின் இருக்கைவரை புதைந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அவரைத் தனியே விடப் பயந்து முதலாளி என்னையும் கூட அனுப்பினார். ஆற்றில் வாகனங்களை ஏற்றிக் கடத்தும் மிதவைப் பாதையில் நின்றபோது, அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எருமைகளைக் கட்டி மெசினை இழுத்துவிட்டிருந்தார்கள். கனகம்மா அதைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“பிழை என்னில, தங்கச்சி. மெசினைத் திருப்பித் தாங்கோ.”

“என்ன கதை இது? நான் தரமாட்டன்! இந்த முறை ஊரில முதல் விதைக்கிறது நான்தான். அந்த மூலை அப்பா காலத்திலயும் மாட்டை விழுங்கினது. நான்தான் சொல்ல மறந்திட்டன்.”

ஏலாதார் ஆறுதல் அடையவில்லை.

ஒரு மெசின் விற்று ஒரு கடை நிமிராது. அடுத்த வருடம் பூட்டினார்கள். எனக்கு நல்லகாலம், துறைமுகத்தில் வேலை கிடைத்தது. ஏலாதார் எங்கே என்று முதலாளியைக் கேட்டேன். போகம் தொடங்கினால் ஈச்சிலம்பற்றில்தான் என்றார்.

பார்க்கப் போனேன். கனகம்மா மெசினை ஓட்டிவர, அதற்கு முன்னால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏலாதார் சேற்றை மிதித்து மிதித்து நடந்துகொண்டிருந்தார். கால் ஆழமாகப் போன இடத்தில் கையை உயர்த்தினார். கனகம்மா மெசினை நிறுத்தி, அவர் காலை இழுத்து எடுக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

“என்ன அண்ணை, இன்னும் நம்பிக்கை வரேல்லையோ?” என்று கேட்டேன்.

“எப்பிடி வாறது, தம்பி? வருசத்துக்கு வருசம் மண் மாறுதே. தனிய ஒரு ஆள் எவ்வளவைத்தான் மிதிச்சுப் பாக்கிறது?”

நான் செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் இறங்கினேன்.