ஏசி அண்ணாச்சியின் ஒன்பது அல்லிக்கிழங்குகள்

ஷார்ஜாவில் குளிர்காலம் என்று ஒன்று உண்டு என்பதை முழுமனதாக நம்பிய ஒரே மனிதர் எங்கள் ஏசி அண்ணாச்சிதான். உலகத்தில் வேறு எதையும் அவர் நம்பியதில்லை.

இரண்டாயிரத்து நாலைந்து வாக்கில் ரோலா கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய வில்லாவில் ஆறு பேர் தங்கியிருந்தோம். அண்ணாச்சி தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். ஏசி மெக்கானிக். சொந்தப் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும். பால் பாக்கெட்டைப் பிரிக்கும் முன் முகர்வார். பிரித்த பிறகும் முகர்வார். ரேடியோவில் மணி சொன்னால், "இவனுக்கு யாரு சொன்னா?" என்பார்.

முற்றத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டிக்குளம். வீட்டுக்கார அரபி எப்போதோ கட்டிவிட்டு மறந்துபோனது. அதில் அண்ணாச்சி நீல அல்லி வளர்த்தார். ஜூலை வெயிலில் நாங்கள் வதங்கிக் கிடக்கும்போது அல்லி ஜம்மென்று பூக்கும். அப்போதெல்லாம் அவருக்குக் கவலையே கிடையாது. நவம்பர் பிறந்தால்தான் முகம் மாறும்.

"ஏல, வெயிலு நேரா வந்து அடிக்கும். குளிரு அப்படியில்ல, பின்னால வந்து கழுத்த நெரிக்கும். இருவது வருசமா அதுகூடத்தான் பொழைக்கேன், எனக்குத் தெரியாதா?"

முதலில் உரத்தை நிறுத்துவார். பழுத்த இலைகளைக் கத்தரிப்பார். தண்ணீருக்குள் கிழங்கு நட்டு வைத்திருக்கும் சட்டிகளை ஆழமான பக்கம் நகர்த்துவார். ஏசி வேலைக்கான தெர்மாமீட்டரைக் குளத்தில் விட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலக் காலையும் மாலையும் பார்ப்பார். டிசம்பரில் கிழங்குகளைத் தோண்டி, ஈர மணல் நிரப்பிய ஐஸ்கிரீம் டப்பாவில் புதைத்து, மூடியில் டேப் ஒட்டி, டேப்பின் மேல் கையெழுத்தும் போட்டுவிடுவார். டப்பா சமையலறையின் மேல்தட்டுக்குப் போகும்.

ஒரு ஜனவரி வெள்ளிக்கிழமை டேப்பைப் பிரித்து எண்ணினார். எட்டு. மறுபடி எண்ணினார். எட்டுதான்.

"ஒம்பது சட்டி, ஒம்பது கிழங்கு. ஒண்ணு எங்கல?"

எங்கள் போதாத காலம், அன்று சமையல் முறை ராமநாதபுரத்து மணியுடையது. அடுப்பில் சேப்பங்கிழங்கு வறுவல்.

"என்னல இது?"

"சேப்பங்கிழங்கு, அண்ணாச்சி."

"அத நீ சொல்லுத."

"நேத்து கடையில வாங்கினேன்."

"பில்லு இருக்கா?"

"கால் கிலோ கிழங்குக்கு எவன் பில்லு வச்சிருப்பான்?"

அண்ணாச்சி எங்களைப் பார்த்தார். "கேட்டியளா? பில்லு இல்லேங்கான்."

ஒரு துண்டை எடுத்து நசுக்கினார், முகர்ந்தார், வெளியே கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து மணி சமைக்கும் நாளில் அவருக்குக் கடையில் வாங்கிய குப்பூஸ் ரொட்டியும் தயிரும்தான். மணியோடு பேச்சும் நின்றுபோனது.

எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. மணிக்கு இல்லை. "மூணு வருசமா ஒரே ரூம்ல கெடக்குறோம். திருடன்னு நெனச்சுட்டாருல்ல?" என்று என்னிடம் சொன்னான். வேறு இடம் பார்க்கவும் தொடங்கிவிட்டான்.

மார்ச்சில் கிழங்குகள் குளத்துக்குத் திரும்பின. பத்து நாள் கழித்து, ஓரத்தில் காலி என்று ஒதுக்கியிருந்த சட்டியிலிருந்து சின்னதாக ஒரு செந்நிற இலை எட்டிப் பார்த்தது. அறையே குளத்தைச் சுற்றிக் கூடிவிட்டது.

மணி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "அண்ணாச்சி, ஒம்பதாவத நீங்க தோண்டவே இல்ல."

அண்ணாச்சி குனிந்து இலையை முகர்ந்தார்.

"எவனோ பயந்துபோயி திரும்பக் கொண்டாந்து போட்டிருக்கான்" என்றார்.

முதலில் சிரித்தது மணிதான். அன்று மத்தியானம் அண்ணாச்சி அவன் வைத்த மீன்குழம்பை மூன்று முறை ஊற்றிச் சாப்பிட்டார். முகர்ந்து பார்த்த பிறகுதான்.

அக்டோபரில் வில்லாவை இடிக்கப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தோம். அண்ணாச்சி அல்லிச் சட்டிகளையும் பிரித்துக் கொடுத்தார். என் பங்கு, அஜ்மானில் நான் தனியாகப் பிடித்த அறையின் பால்கனியில் ஒரு வாளிக்குள் உட்கார்ந்தது. "குளிருக்குக் கிழங்கத் தோண்டிராத, நீ தொலச்சிருவ" என்று வாளியிலேயே விடச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வரும்.

"எல எத்தன?"

"நாலு."

"போன வாரமும் நாலுன்னுதான சொன்ன?"

ஜனவரியில் ஒரு வெள்ளி, எனக்குக் கடுமையான காய்ச்சல். "நாலு" என்றேன். குரல் சரியாக வரவில்லை.

"செடி செத்துப்போச்சு, நீ எங்கிட்ட மறைக்க. இரு, வாரேன்."

ஒரு மணி நேரத்தில் கதவைத் தட்டினார். நேராகப் பால்கனிக்குப் போய் இலைகளை எண்ணினார். நாலு இருந்தது. திரும்பி வந்து என் நெற்றியில் கை வைத்தார். அரிசி எங்கே என்று மட்டும் கேட்டார். கஞ்சி வைத்தார். கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வந்து, அட்டையில் தேதியைச் சரிபார்த்துக் கொடுத்தார். வேர்த்துக் காய்ச்சல் இறங்கும்வரை, சாயங்காலம்வரைக்கும், கட்டிலருகே நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அல்லியப் பாக்கத்தான் வந்தேன். வேற எதுவும் நெனச்சிராத" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

போகும்போது பால்கனிப் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.