மோர்ஓவர், ஐ லவ் யூ

மூலக்குளத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் கணவர் ஆபித்துக்கு ஒரே ஒரு கொள்கைதான். மெஷின் பொய் சொல்லாது. பருப்பு எடை குறைகிறதே என்று யாராவது இழுத்தால் எலக்ட்ரானிக் தராசைத் தட்டிக் காட்டுவார். அத்தோடு பேச்சு முடிந்தது.

அந்தத் தராசில் என்னையே தூக்கி வைப்பார் என்று நான் நினைக்கவில்லை.

எம்.ஏ. இரண்டாம் வருடம் படிக்கிறேன். மண்டையை உடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். டிபார்ட்மென்டில் அதை ஏதோ சாஃப்ட்வேரில் போட, 'எழுதியது ஏஐ' என்று வந்துவிட்டது! வியாழக்கிழமை வந்து நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் பேப்பர் பெயில். "சாட்சி இருந்தா கூட்டிட்டு வாம்மா" என்றார் துறைத் தலைவர் மேடம்.

"மச்சான், நான் எழுதுனப்ப பக்கத்துலதானே இருந்தீங்க? வந்து சொல்லுங்க."

"இருந்தேன் புள்ள. ஆனா மெஷினு வேற மாதிரி சொல்லுதே."

"மெஷினுக்கு இன்னா, கண்ணா இருக்கு?"

"எனக்கு இருந்துச்சு. நடுவுல தூங்கிட்டேன். மெஷினு தூங்காதுல்ல?"

குற்றம் என்னுடையதா? வில்லியனூரில் டியூஷன் எடுத்த ஜெயசுதா டீச்சருடையது. பாராவுக்குப் பாரா 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்' வர வேண்டும். 'இன் கன்க்ளூஷன்' இல்லாமல் முடித்தால் முட்டியில் ஸ்கேல். வீட்டில் இங்கிலீஷ் பேசாத நாங்களெல்லாம் அந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மொழியில் நடக்கவே பழகினோம். இன்று ஏஐயும் அப்படியே எழுதுகிறதாம். யாரைப் பார்த்து யார் காப்பியடித்தது? ஜெயசுதா டீச்சர் அதைவிட சீனியர்!

இவரும் அதே டீச்சரிடம் ஸ்கேல் அடி வாங்கியவர்தான். அது ஞாபகம் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஏஐ என்ற பேச்சே ஊரில் இல்லாத காலத்தில், நிக்காஹ் பேசி முடித்த கையோடு, காலேஜ் பெண்ணை அசத்த வேண்டுமென்று இவர் எனக்கு இங்கிலீஷிலேயே மெசேஜ் அனுப்பித் தள்ளினார். ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. அதில் ஒன்றை ஓசியில் சோதித்துச் சொல்லும் ஒரு வெப்சைட்டில் போட்டு, போனை அவர் கையில் கொடுத்தேன்.

"இன்னா இது?"

"'எழுதியது ஏஐ'னு போட்டிருக்கு. உண்மையச் சொல்லுங்க மச்சான், எனக்கு லவ் மெசேஜ் எழுதுனது யாரு?"

"நான்தான்! கடை மாடியில டிக்‌ஷனரி வெச்சிக்கினு ஒக்காந்து எழுதுனேன். அப்ப ஏது புள்ள ஏஐ?"

"மெஷின் பொய் சொல்லாதே."

"இந்த மெஷினு சொல்லுது!"

"சரி. இதையே வியாழக்கிழமை மேடம்கிட்ட வந்து சொல்லிடுங்க."

எழுந்து போய் இஸ்திரிப் பெட்டியைத் தேடினார்.

வியாழக்கிழமை, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்று மெசேஜ் விஷயத்தைச் சொன்னார். மேடம் விடவில்லை. "படிச்சுக் காட்டுங்க சார்."

வியர்வையைத் துடைத்துக்கொண்டு படித்தார்:

"மை டியர் சபிஹா, ஐ லவ் யூ. மோர்ஓவர், யுவர் ஐஸ் ஆர் வெரி பிக். ஃபர்தர்மோர், மை ஷாப் இஸ் ஆல்சோ வெரி பிக். இன் கன்க்ளூஷன், கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்."

பக்கத்து மேஜை கிளார்க் எழுந்து வெளியே ஓடிவிட்டார். மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மெசேஜின் தேதியைப் பார்த்தார். என் கட்டுரையைப் பக்கத்தில் வைத்து மோர்ஓவர்களை ஒப்பிட்டார்.

"சபிஹா, உன் பேப்பரை ஏத்துக்கறேன். சார், உங்க விஷயத்துல எனக்குச் சந்தேகமே இல்லை. இவ்வளவு அசட்டுத்தனமா எந்த மெஷினாலயும் எழுத முடியாது."

திரும்பும்போது வண்டி மூலக்குளம் சிக்னலில் நின்றதும் மெல்லத் தலையைத் திருப்பினார்.

"மேடம் சொன்னது பாராட்டுதானே புள்ள?"

"ஆமா மச்சான்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்னதில் நான் வாதாடாமல் ஒப்புக்கொண்டது அது ஒன்றைத்தான்.