முன்னாள் அமைச்சரின் சட்டப்படியான பிணம்

நாட்டை விட்டு ஓடிய அரசியல்வாதி உயிரோடு திரும்பக் கூடாது, பிணமாகத் திரும்பலாம். மனிதாபிமானம் சொட்டும் இந்தச் சட்டத்தை மடகாஸ்கர் மக்களுக்கு அருளியவர் மாண்புமிகு உள்துறை அமைச்சர் ரபேசாக்கா. குலக் கல்லறையில் இடம் கிடைக்காமல் போவது எத்தனை பெரிய கொடுமை, அதை எதிரிக்குக்கூடச் செய்யலாமா என்று அவையிலேயே கண்ணீர் விட்டார்.

பிறகு ஆட்சி கவிழ்ந்தது. "திருடன்! திருடன்!" என்று கூட்டம் வாசலுக்கு வந்தபோது, மாண்புமிகு பின்வாசல் வழியாகப் பக்கத்துத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஒருநாள் தங்கை வுலுலுனா போன் செய்தாள்.

"அண்ணே, நம்ம குல வழக்கப்படி இந்தக் குளிர்காலம் அம்மாவைக் கல்லறையிலேருந்து எடுத்துப் புதுப்பட்டு போர்த்துறோம். மூத்த பிள்ளை நீ இல்லாம எப்படி?"

ரபேசாக்கா தன் நாட்டுத் தூதரகத்துக்கு ஓடினார்.

"உயிரோட இருக்கீங்களா சார்?" என்றார் அதிகாரி.

"பார்த்தா தெரியலையா?"

"அப்ப அனுமதி இல்லை. செத்திருந்தா பேண்டு வாத்தியத்தோட அனுப்பி வெச்சிருப்போம்."

"யோவ், என் அம்மாய்யா!"

"சட்டம் உங்களுது சார்."

ரபேசாக்கா மேசைப் பக்கம் குனிந்தார். "சரி, செத்துட்டதா வெச்சுக்குங்க."

அதிகாரி எழுந்து நின்று ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார். சவப்பெட்டியில் காற்றுத் துளை போடத் தனி அனுமதியும் தந்தார்.

தலைநகரில் வரவேற்பு பிரமாதம். திருடன் என்று எழுதிய பத்திரிகைகளெல்லாம் 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்றன. அந்த நாட்டில் செத்தவர் மூதாதையர் ஆகிவிடுகிறார்; மூதாதையரை யாராவது குறை சொல்வார்களா?

கல்லறை வாசலில், புதுப்பாயில் அம்மாவின் எலும்புகள். ரபேசாக்கா பெட்டியிலிருந்து இறங்கிப் பட்டுத் துணியைக் கையில் எடுத்தார். தாய்மாமன் பிடுங்கிக்கொண்டார்.

"செத்தவளுக்குச் செத்தவன் போர்த்துறதை எங்கயாவது பார்த்திருக்கியா? போய்ப் படு."

"மாமா, நான் உயிரோட..."

பாதுகாப்புக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் கைவிலங்கை எடுத்தார். "என்னமோ சொன்னீங்களே ஐயா, காதுல சரியா விழலை."

ரபேசாக்கா படுத்துக்கொண்டார். அவரையும் பட்டில் சுற்றித் தோளில் தூக்கி ஆடினார்கள். அடுத்த தோள்களில் பாயோடு அம்மா. கைக்கெட்டும் தூரம்தான், கையைத்தான் சுற்றிவிட்டார்களே.

பிறகு பாயில் கிடத்தினார்கள். மூதாதையரிடம் வரம் கேட்கும் நேரம். அன்று வாசலில் 'திருடன்' என்று உரக்கக் கத்திய பெண்மணிதான் முதலில் குனிந்தாள். "ஐயா, என் பையனுக்குத் துறைமுகத்துல ஒரு வேலை." அடுத்தவருக்குப் பெட்ரோல் பங்க் உரிமம். மூன்றாவதாக இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "தலைநகருக்கு ஒரு மாறுதல், தெய்வமே."

ரபேசாக்கா ஒரு கண்ணைத் திறந்தார். வாழ்நாளில் முதல் முறையாகக் கெஞ்சினார். "எங்கம்மாவைப் போர்த்த விடுங்கய்யா. ஒரே ஒரு தடவை."

இன்ஸ்பெக்டர் பூரிப்போடு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"பழைய மாதிரியே பதிலுக்குக் கேட்கிறாருப்பா! அப்ப காரியம் நிச்சயம்!"

கூட்டம் முண்டியடித்தது. வரிசை கல்லறையைச் சுற்றிக்கொண்டு சாலை வரைக்கும் நீண்டது. அவருடைய பெயர் சொல்லி வாழ்க கோஷம் வேறு. அந்தச் சத்தத்துக்கு நடுவே தாய்மாமனே அம்மாவைப் போர்த்தி, உள்ளே வைத்து, கல் கதவைச் சாத்திவிட்டார்.

அவரை வெளியேதான் விட்டுவைத்தார்கள். மக்கள் பிரதிநிதியை மக்களிடமிருந்து பிரிக்க யாருக்கு மனசு வரும்?