கடலுக்கு எடுத்த எக்ஸ்ரே

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நானும் என் மனைவியும், வேலைக்காக ஒரு மாதமாக எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் உங்கள் மருமகளும் நலம். நீங்களும், சம்பந்தி அம்மாவும், அவர்களுடைய இடது தோள்பட்டையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த எக்ஸ்ரே படத்தை நானே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எலும்பில் ஒன்றுமில்லை, வெறும் சுளுக்குதான் என்று அன்றைக்கே சொன்னேன், யார் கேட்டார்கள்?

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். துறைமுகக் கால்வாயில் தோண்டிய சேற்றையெல்லாம் திங்கட்கிழமை முதல் கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே கொண்டுபோய்க் கொட்டச் சொல்லி நீங்கள் கையெழுத்துப் போடப்போகிறீர்கள் அல்லவா? அந்தக் கையெழுத்தைப் பத்தே பத்து நாள் தள்ளிப்போட வேண்டும். அங்கே ஒரு பழைய மரக்கப்பல் கிடக்கிறது. நான் என் கண்ணாலேயே பார்த்தேன். உங்கள் மருமகள் இதை உங்களிடம் கேட்கமாட்டாள். "வேலை வேற, வீடு வேறப்பா. மாமாகிட்ட போய் சலுகை கேட்டு நின்னா, நான் கண்டுபிடிச்சதுக்கு என்ன மரியாதை?" என்கிறாள். அதனால் அவளுக்குத் தெரியாமல் எழுதி, அவளைப் பார்க்க வந்திருக்கும் மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

மூழ்கிய கப்பலைத் தேடிப் போகிற அவள் படகில் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் முப்பத்துநாலு வருஷம் எக்ஸ்ரே எடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது? மகளோ தினமும் கடலுக்குப் போய்த் தண்ணீருக்கு அடியில் படம் எடுத்துவிட்டு வருகிறாள். வயிற்றெரிச்சலாக இருக்காதா? மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பையைக் கொடுக்கிற சாக்கில் வியாழக்கிழமை படகில் ஏறினேன், இறங்க மறுத்துவிட்டேன். (பையை எடுத்து ஒளித்து வைத்ததும் நான்தான். இதையும் கிழித்துவிடுங்கள்.)

சம்பந்தி, அந்தக் கருவியை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்! ஆள் நீளத்துக்கு ஒரு மஞ்சள் குழாய். அதைக் கம்பிவடத்தில் கட்டித் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அது இரண்டு பக்கமும் சத்தத்தை அனுப்புகிறது. சத்தம் தரையில் பட்டுத் திரும்பி வந்து, திரையில் கோடு கோடாகப் படமாக இறங்குகிறது. கெட்டியான பொருள் பளீரென்று தெரியும். அது மறைக்கிற இடத்துக்குச் சத்தம் போகாததால் அங்கே கறுப்பாக நிழல் விழும். "பொருளைப் பாக்காதீங்கப்பா, நிழலைப் பாருங்க. எவ்வளவு உயரம், எங்க நீட்டிக்கிட்டிருக்குன்னு நிழல்தான் சொல்லும்" என்றாள். நிழல் பார்த்தே தலை நரைத்தவனிடம் நிழலைப் பற்றிப் பாடம்! ஆனாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை, கண்கூடக் கலங்கிவிட்டது. உப்புக்காற்று என்று சமாளித்தேன்.

ஒரே ஒரு வித்தியாசம். என் வேலையில் யாரும் அசையக்கூடாது. இங்கே படகு அசைந்துகொண்டே இருக்க வேண்டும், அதுவும் ஏர் ஓட்டுகிற மாதிரி நேர்கோட்டில், ஒரே வேகத்தில். பழக்கதோஷம், கருவி தண்ணீரில் இறங்கியதுமே "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிவிட்டேன். படகுக்காரர் நல்ல மனிதர், முகம் சிவக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். பிறகு பேச்சு வளர்ந்து, அவருக்கு வலது முழங்காலில் வலி என்று தெரியவந்தது. "எங்கே, காட்டுங்க பார்ப்போம்" என்றேன். அவர் சுக்கானை விட்டுவிட்டுக் காலைத் தூக்கிக் காட்டினார். நான் அழுத்தினேன், அவர் அலறினார், படகு அதுபாட்டுக்குத் தெற்கே போய்விட்டது. "அப்பாஆ!" என்று மகள் போட்ட சத்தம் அந்தக் குழாய் போட்ட சத்தத்தைவிட ஆழமாகப் போயிருக்கும்.

ஆனால் கேளுங்கள். மூன்று வாரமாக நேர்கோட்டில் தேடியதில் கிடைத்தது ஒரு டயரும் இரண்டு நங்கூரமும்தான். கோணலாகப் போன அந்த ஒரு கோட்டில், நீங்கள் சேறு கொட்டப்போகிற எல்லைக்குள், திரையில் பளீரென்று விலா எலும்புகள் இறங்கின! எண்ணினேன். ஒரு பக்கம் பன்னிரண்டு, மறு பக்கம் பதினொன்று. "ஒன்று முறிஞ்சிருக்கு!" என்று கத்தினேன். படகுக்காரர் வலியை மறந்து எட்டிப் பார்த்தார். உங்கள் மருமகள் மட்டும் துள்ளவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "நிழல் ரெண்டா இருக்கேப்பா. வால் பக்கம் சின்னதா இன்னொன்னு நீட்டிக்கிட்டிருக்கு, பாருங்க" என்றாள். "அது திரையில அழுக்கும்மா" என்று துடைத்துவிட்டேன். போகவில்லை.

சந்தேகம் தீர இன்னொரு முறை குறுக்கே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றாள். ஓட்டினோம். அந்த நேரம் பார்த்து, இந்தச் செய்தியை முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று என் போனை எடுத்தால் சார்ஜ் இல்லை. திரைக்குப் பக்கத்தில் ஒரு பிளக் செருகியிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு என்னுடையதைச் செருகினேன். திரை இருண்டுவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், உங்கள் மேலிருந்த மரியாதையால் நடந்த தப்பு அது. திரும்ப உயிர் கொடுப்பதற்குள் காற்று கிளம்பிவிட்டது, படகை வாடகைக்கு எடுத்த காலமும் அன்றோடு முடிந்தது. கையில் இருப்பது ஒரே படம், அதுவும் கோணல்.

மகள் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை, சாப்பாட்டுத் தட்டைச் சத்தமில்லாமல் நகர்த்தி வைக்கிறாள். இன்றைக்கு விடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ கிளம்பிவிட்டாள். பழைய துறைமுகப் பதிவேட்டில் "இவ்விடம் மரக்கப்பல் ஒன்று முழுகியது" என்றிருந்த ஒரே வரியை வைத்துக்கொண்டு ஐந்து வருஷமாகத் தேடுகிறாள். திங்கட்கிழமை சேறு விழுந்தால் அந்த ஐந்து வருஷமும் அதற்குக் கீழே போய்விடும். போகட்டும் என்று விட எனக்கு மனசு வரவில்லை, சம்பந்தி. பிளக்கைப் பிடுங்கிய கை என்னுடையது.

இந்தத் துறைமுகத்தின் அடித்தரை உங்களுக்கு உள்ளங்கை மாதிரி என்பது எனக்குத் தெரியாதா? நிச்சயதார்த்தத்தன்று சாப்பிடும்போது உங்கள் மண் ஏற்றும் இரும்பு மிதவைகளைப் பற்றி எவ்வளவு ஆசையாகச் சொன்னீர்கள்! ஒன்றாம் எண், இரண்டாம் எண் என்று ஆறு வரைக்கும் சொல்லிவிட்டு எட்டுக்குத் தாவினீர்கள். "ஏழு எங்கே?" என்று நான்தான் அதிகப்பிரசங்கித்தனமாகக் கேட்டேன். "வித்தாச்சு" என்றீர்கள், பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்துவிட்டீர்கள். அன்றைக்கு ஏதாவது தப்பாகக் கேட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு கப்பலின் மேல் சேற்றைக் கொட்டிவிடாதீர்கள். பத்து நாள் போதும்.

உங்கள் வீட்டில் எல்லாருடைய எலும்பும் உறுதியாக இருக்கட்டும். நீங்கள் போடுகிற கையெழுத்தெல்லாம் நல்ல கையெழுத்தாக அமையட்டும். சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் பிடிவாதத்துக்கு ஈடு கொடுக்கும் பெண்ணைப் பெற்றவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மகள் ஈரத்தலையோடு வந்து நின்றாள். முழங்காலைக் காட்டிய குற்ற உணர்ச்சியில் படகுக்காரர் தன் சின்னப் படகிலேயே அவளையும் முக்குளிப்பவரையும் விடிகாலையில் கூட்டிப்போயிருக்கிறார். கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். மேலே நான் கப்பல் என்று எழுதிய இடத்தையெல்லாம் அடித்துவிடுங்கள். விலா எலும்புகள் மரமே இல்லை, இரும்பு. இரும்புதான் பளீரென்று தெரியும் என்பது, காசு விழுங்கிய குழந்தைகளை முப்பத்துநாலு வருஷம் படம் எடுத்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் துருவைச் சுரண்டிப் பார்த்தால் எண் ஏழு.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ஆனால் நான் துடைத்த அந்த இரண்டாவது நிழல் அழுக்கில்லையாம். மிதவையின் அடித்தகட்டைக் கீழிருந்து குத்திக்கொண்டு ஒரு பெரிய மரத்தூண் நிற்கிறது, மர ஆணி அடித்தது. அதைப் பிடித்துக்கொண்டே சேற்றுக்குள் கையை விட்டால் பலகை, பலகைக்குப் பக்கத்தில் பலகை. மகள் தேடிய கப்பலின் மேல்தான் உங்கள் மிதவை ஏறி உட்கார்ந்திருக்கிறது.

மாப்பிள்ளை இப்போதுதான் எல்லாம் சொன்னார். நீங்கள் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், புயல் அடித்துக்கொண்டு போன மிதவை அது என்றும், தேடியும் கிடைக்கவில்லை என்றும், "அப்பா இன்னும் தான் கட்டின முடிச்சு சரியில்லைன்னே நினைச்சுக்கிட்டிருக்கார்" என்றும். சம்பந்தி, முடிச்சு அவிழவே இல்லை. கயிறு இன்னும் மிதவையிலேயே கட்டியிருக்கிறது. அந்தப் பக்கத்து முடிச்சைப் படம் எடுத்து வந்திருக்கிறார்கள், இத்துடன் இருக்கிறது. அறுந்தது கயிறுதான். மூழ்கடித்தது இந்தக் கப்பல்.

ஆகவே பத்து நாள் என்பதை மூன்று மாதம் என்று வாசிக்கவும். முதலில் மிதவையைத் தூக்க வேண்டும், அது உங்கள் இலாகா. "இதை நான் கேக்கலப்பா, மாமாவேதான் கேப்பார்" என்கிறாள் உங்கள் மருமகள், சிரித்துக்கொண்டு, என்னிடம்! திங்கட்கிழமை காலை படகு உங்களுக்காகக் காத்திருக்கும். திரைக்குப் பக்கத்து இடம் உங்களுக்கு. என்னைப் பிளக்குக்கு எட்டாத தூரத்தில் உட்கார வைக்கப்போகிறாளாம்.