மூன்றாவது தூணில் ஒரு தவளைமீன்

தவளைமீனைக் காணவில்லை.

ருட்சல் தூணை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தான். நேற்று மாலைவரை அது இங்கேதான், பழைய படகுத்துறையின் இரண்டாவது தூணில், பட்டா போட்டு வாங்கிய மனையில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தது. இப்போது தூண் மட்டும் இருந்தது. திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் வீபே ஐயா கைகளைக் கட்டிக்கொண்டு, பந்தியில் இலை போட்டபின் சாதத்துக்குக் காத்திருப்பவரைப்போல மிதந்துகொண்டிருந்தார்.

கடலுக்கடியில் ஒரு வசதி, யாரும் கேள்வி கேட்க முடியாது. ஒரு தொல்லை, நாமும் சாக்குச் சொல்ல முடியாது.

வீபே ஐயா ஹாலந்தில் அணைக்கரைகளைக் கட்டிக் காக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்கத் தண்ணீரை வெளியே தள்ளியவர், லீவு கிடைத்தபோதெல்லாம் கரீபியன் தீவான பொனேருக்கு வந்து தண்ணீருக்குள் போய்விடுவார். சுறா பார்த்திருக்கிறார், ஆமை பார்த்திருக்கிறார், கடற்குதிரைகூடப் பார்த்திருக்கிறார். தவளைமீன் மட்டும் அகப்படவில்லை. அவர் இறங்கும்போது அது அப்போதுதான் போயிருக்கும். அவர் விமானம் ஏறியதும் வந்துவிடும்.

இந்த முறை வந்ததும், ருட்சல் வழிகாட்டியாக இருக்கும் முக்குளிப்புக் கடையின் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். "ருட்சல், இதய டாக்டர் இதுதான் கடைசின்னு சொல்லிட்டார். இந்த ஒரு தடவைக்கே மனசில்லாமத்தான் விட்டார். போறதுக்குள்ள அந்த மீனை ஒரே ஒரு தடவை காட்டிடு."

"அதுக்கென்ன ஐயா, அது நம்ம வீட்டு மீன். நாளைக்கே பார்த்துடலாம்."

இப்படிச் சொன்னதில் தப்பில்லை. பொனேரில் முக்குளிக்கக் கூட்டிப் போகும் ஒவ்வொரு வழிகாட்டிக்கும் சொந்தமாக ஒரு தவளைமீன் உண்டு. அது எந்தத் தூணில், எந்தப் பாறையில் இருக்கிறது என்பதைக் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். மீனும் வாரக்கணக்கில் அசையாது. மஞ்சள் கடற்பஞ்சுபோலவே நிறம், அதேபோலச் சொரசொரப்பு. நெற்றியில் முளைத்த தூண்டிலை ஆட்டி, கிட்டே வந்து வேடிக்கை பார்க்கும் பொடி மீனை விழுங்கிவிட்டு மறுபடியும் பஞ்சாகிவிடும். ஆனால் என்றைக்காவது தோன்றினால், துடுப்புகளையே காலாக வைத்து நடந்து போய்விடும். எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் அதற்கு இல்லை.

இப்போது தண்ணீருக்குள் ருட்சல் சுற்றுமுற்றும் பார்த்தான். அடுத்த தூணில், மூன்றாவது தூணில், ஒரு மஞ்சள் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. கைப்பிடி அளவு. நடுவில் வாய்போல ஒரு ஓட்டை. வீபே ஐயாவின் கண்கள் முகக்கண்ணாடிக்குள் சின்னப் பிள்ளையின் கண்கள்போல விரிந்திருந்தன. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே இல்லை என்று கையாட்டும் தெம்பு ருட்சலுக்கு இல்லை.

பஞ்சைச் சுட்டிக்காட்டினான்.

வீபே ஐயா கிட்டே போனார். பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார், மறுபக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி ருட்சலின் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல வேளையாக அந்தக் கடல் பூங்காவில் எதையும் தொடக்கூடாது என்பது சட்டம். தொட்டிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

"மச்சான், மீன் போயிடுச்சு," என்றான் ருட்சல், படகில் சிலிண்டர்களைக் கட்டும்போது. படகோட்டி ஜான்டினோ அவனுக்கு மச்சான் உறவெல்லாம் இல்லை. அந்தத் தீவில் கூட வேலை செய்கிறவன் எல்லாம் மச்சான்தான்.

"அப்போ கிழவர் எதைப் பார்த்துட்டு இப்படிச் சிரிக்கிறார்?"

"பஞ்சை."

ஜான்டினோ சுக்கானை விட்டுவிட்டுத் திரும்பினான். "நீ பஞ்சைக் காட்டி மீன்னு சொன்னியா?"

"சொல்லலை. காட்டினேன்."

"நல்லா இருக்குடா நியாயம். சரி, விடு. ஒரு தடவை பார்த்தாச்சு, ஆசை தீர்ந்தது. இனிமே அந்தப் பக்கம் எதுக்குப் போகப் போறார்?"

மறுநாள் காலை வீபே ஐயா, தங்கியிருந்த விடுதியின் விருந்தாளிகள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இவங்களும் பார்க்கணும்னு சொல்றாங்க ருட்சல். தனியாப் பார்த்தா பாவமில்லையா?"

ஜெர்மனியிலிருந்து வந்த பல் டாக்டர் அம்மா மார்லீஸ், ஒரு கனடாக்காரத் தம்பதி, இன்னும் சிலர். எல்லோரும் மூன்றாவது தூணைச் சுற்றிக் கோயிலில் நிற்பதுபோல வட்டமாக நின்றார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் பஞ்சுக்கு நேராகப் போய்ப் பார்த்துவிட்டு ருட்சலைப் பார்த்துத் தலையசைத்தார்கள். கனடாக்காரர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். என்ன நல்ல மனிதர்கள் என்று நினைத்தபடி ருட்சல் தலையைக் குனிந்துகொண்டான்.

மேலே வந்ததும் மார்லீஸ் அம்மா கேட்டாள். "அது ஏன் அசையவே இல்லை?"

"அதோட குணம் அப்படி அம்மா."

"மூச்சு விடற மாதிரியும் தெரியலையே?"

"அது... விரதம் இருக்கு."

"ஓ," என்றாள் மார்லீஸ் அம்மா, மிக மென்மையாக. "எதுக்கு விரதம்?"

"முட்டை போடறதுக்கு முன்னாடி அப்படித்தான் இருக்கும்."

ஜான்டினோவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. வீபே ஐயா மட்டும், "கேட்டீங்களா, எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வச்சிருக்கான்," என்று சுற்றியிருந்தவர்களிடம் சொன்னார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

இது கடை முதலாளி ஒபேலியா அக்காவின் காதுக்குப் போயிற்று. அவள் சந்தோஷம் வந்தால் உடனே சாக்பீஸைத் தேடுகிற பெண்மணி. வாசலில், ஊர் சுற்றும் கழுதைகள் உரசிக்கொள்கிற கரும்பலகையில், "எங்களிடம் முட்டையிடப் போகும் தவளைமீன் உண்டு" என்று எழுதிவிட்டாள்.

"அக்கா, அதை அழிச்சுடுங்க," என்று ருட்சல் கெஞ்சினான்.

"ஏன்டா? ஊர் முழுக்க நம்ம கடையைப் பத்தித்தான் பேச்சு."

"அந்த மீனுக்குக் கூட்டம் ஆகாது. கூச்சப்படும்."

ஒபேலியா அக்கா யோசித்துப் பார்த்து அதை அழித்தாள். ருட்சல் மூச்சு விடுவதற்குள், "முட்டையிடப் போகும் கூச்ச சுபாவமுள்ள தவளைமீன்" என்று எழுதினாள்.

மத்தியானம் பக்கத்துக் கடை வழிகாட்டிகள் இரண்டு பேர் பலகை முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். தவளைமீன் கூச்சப்பட்டு அவர்கள் கேள்விப்பட்டதில்லை. அடுத்த வாரம் நாங்களும் வந்து பார்க்கிறோம் என்றார்கள். ருட்சல் சோளக்களியையும் ஆட்டுக்குழம்பையும் தட்டில் அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

"மச்சான், நான் கிழவர்கிட்ட உண்மையைச் சொல்லிடப் போறேன்."

"சொல்லி?" என்றான் ஜான்டினோ. "கடைசித் தடவையா வந்த மனுஷன். பார்த்துட்டோம்னு நிம்மதியா இருக்கார். அந்த நிம்மதியையும் பிடுங்கி பெட்டியில மடிச்சு வச்சு அனுப்பப் போறியா?"

"பின்னே என்னடா செய்யறது?"

"நிஜ மீனைத் தேடு. அதுக்கு ரெக்கையா இருக்கு, பறந்து போக? நடந்துதானே போச்சு."

மறுநாள் விடிந்ததும் ருட்சல் துறையிலேயே மூழ்கிக் கிடந்தான். தூண் தூணாக, கிழிந்த டயர் டயராக, பானை வயிற்றுப் பஞ்சு ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, நீயா நீயா என்று முகத்தைப் பார்த்தான். பஞ்சை மீன் என்று காட்டிய பாவத்துக்கு, தீவிலுள்ள பஞ்சுகள் எல்லாம் இப்போது மீன் மாதிரியே தெரிந்தன. சிலிண்டரில் காற்று தீர்ந்து, மாற்றிக்கொண்டு வந்து, கடைசித் தூணின் அடியில் ஒரு மஞ்சள் பஞ்சை முறைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பஞ்சு கொட்டாவி விட்டது.

ருட்சல் கரையேறி ஜான்டினோவைக் கட்டிக்கொண்டான். "கிடைச்சுட்டான். இன்னிக்கே கிழவரைக் கூட்டிட்டுப் போய், இதுதான் மீன்னு காட்டிடறேன்."

"முட்டாப் பயலே. இதுதான் மீன்னா அப்போ அது என்னன்னு கேக்க மாட்டாரா? நீ வாயைத் திறக்காதே. அவரே கண்டுபிடிக்கட்டும். தானே கண்டுபிடிச்ச பெருமையில பழசை மறந்துடுவார்."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. வீபே ஐயாவின் கடைசி முக்குளிப்பு அது. மற்றவர்களை ஜான்டினோவிடம் விட்டுவிட்டு, ருட்சல் அவரை மட்டும் கடைசித் தூணுக்குக் கூட்டிப் போனான். தவளைமீன் இருந்தது. அதன் நெற்றித் தூண்டில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த நிமிஷத்தில் ருட்சல் அதைக் கும்பிட்டிருப்பான். ஆனால் கையில், தண்ணீருக்குள் எழுதும் சிலேட்டு இருந்தது.

சிலேட்டில், "இது என்ன?" என்று எழுதி நீட்டினான்.

வீபே ஐயா பார்த்தார். அவருடைய மூச்சுக் குமிழிகள் ஒரு கணம் வரவே இல்லை. சரியாக அந்த நேரம் தவளைமீன் வாயைத் திறந்து ஒரு பொடி மீனை இழுத்து விழுங்கியது. ஆனால் வீபே ஐயா முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் வந்துவிட்டதுபோல அதை வெளியேற்றிக்கொண்டிருந்தார். ஒருமுறை வெளியேற்றினார். மறுபடியும் வெளியேற்றினார். இந்த மனிதருக்கு அதிர்ஷ்டம் என்பதே கிடையாது என்று ருட்சல் நொந்துகொண்டான்.

பிறகு வீபே ஐயா சிலேட்டை வாங்கினார். மீனைப் பார்த்தார், ருட்சலைப் பார்த்தார். நிதானமாக எழுதினார்.

"அழகான பஞ்சு."

ருட்சல் அந்த இரண்டு வார்த்தையைத் திரும்பத் திரும்ப வாசித்தான். சிலேட்டைப் பிடுங்கி, "நல்லாப் பாருங்க," என்று எழுதினான். வீபே ஐயா அவன் தோளைத் தட்டினார். "உன் மீன்தான் மீன்," என்று எழுதிவிட்டு, மூன்றாவது தூண் இருந்த திசையை அன்போடு காட்டினார். ஆனால் காற்று அளவு குறைந்து மேலே வரும்வரை அந்தக் கடைசித் தூணைவிட்டு அவர் நகரவில்லை. பஞ்சு என்று சொன்னவர் அதன் முன்னால் ஏன் அவ்வளவு நேரம் நின்றார் என்று யோசிக்கும் நிலையில் ருட்சல் இல்லை.

"தொலைஞ்சேன் மச்சான்," என்றான் ஜான்டினோவிடம். "அந்த மனுஷனுக்கு நான் பஞ்சை மீன்னு சொல்லிக் கொடுத்தேன். இப்போ மீனே வந்து நின்னாலும் பஞ்சுங்கறார். ஆயுசு முழுக்கத் தேடின மீன் கண்ணுக்கு முன்னாடி சாப்பாடு சாப்பிடுது, பார்க்கத் தெரியலை. அவர் கண்ணை நான் கெடுத்துட்டேன்."

ஜான்டினோ காலி சிலிண்டர்களை எண்ணத் தொடங்கினான்.

மறுநாள் விமான நிலையத்துக்குக் கூட்டிப் போக ருட்சல்தான் வண்டி கொண்டு வந்தான். வீபே ஐயா விடுதிக்குள் ஒவ்வொருவரிடமும் விடைபெற்றுக்கொண்டிருந்தார். அவர் மனைவி சித்ஸ்கே அம்மா பெட்டிகளோடு வண்டிப் பக்கத்தில் வந்து நின்றாள். அந்த அம்மாள் தண்ணீரில் கால் நனைத்து யாரும் பார்த்ததில்லை. நிழலில் உட்கார்ந்து கம்பளி பின்னுவாள், வெயில் கொளுத்துகிற பொனேரில்.

பெட்டிகளை ஏற்றிய ருட்சலால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அம்மா, நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன். ஐயாவுக்கு முதல் நாள் காட்டினது தவளைமீன் இல்லை. என் மீன் காணாமப் போச்சு, அவர் முகத்தைப் பார்த்து இல்லைன்னு சொல்ல மனசு வரலை, ஒரு பஞ்சைக் காட்டிட்டேன். நேத்து காட்டினதுதான் நிஜ மீன். அதை அவர் பஞ்சுன்னுட்டார். இனிமே அவர் கடலுக்கே வரப் போறதில்லை. என்னாலதான், பார்த்தும் பார்க்காமப் போறார்."

சித்ஸ்கே அம்மா பின்னல் ஊசிகளைப் பைக்குள் வைத்தாள். "பார்க்காமலா? ராத்திரி முழுக்க அவர் தூங்கலையே. பார்த்துட்டேன் சித்ஸ்கே, பார்த்துட்டேன், கடைசித் தூண்ல, என் கண்ணு முன்னாடி ஒரு மீனை முழுங்குச்சுன்னு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்."

ருட்சல் வண்டியை விட்டு அவள் கிட்டே வந்தான். "அப்புறம் எதுக்கும்மா சிலேட்டுல பஞ்சுன்னு எழுதினார்?"

சித்ஸ்கே அம்மா விடுதி வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வேற என்னப்பா எழுதுவார், 'அந்தப் பிள்ளை பாவம், பஞ்சைத்தான் மீன்னு நம்பிக்கிட்டு இருக்கான், யாரும் உண்மையைச் சொல்லி மனசை ஒடைச்சுடாதீங்க'ன்னு விடுதியில இருக்கிற அத்தனை பேர்கிட்டயும் முதல் நாளே சத்தியம் வாங்கி வச்சவராச்சே."