டவுட்டு சாரும் தொப்பிக்காரரின் கையும்

டெக்சாஸில் எங்கள் ஊரான ஃபிரிஸ்கோவில் சூரியன் கிழக்கே உதித்தால், ‘ஏன் இன்னைக்கும் அதே பக்கம்?’ என்று கேட்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் டவுட்டு சார்தான். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதையும் அவர் முழுசாக நம்பியிருக்க மாட்டார் என்பதால் நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். பக்கத்து ஊர் பிளானோவில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளம். மற்ற எல்லாவற்றிலும் இலவச சேவை. சூறைக்காற்று வருகிறதென்று டொர்னாடோ சைரன் ஊதித் தெருவே பாத்ரூமுக்குள் பதுங்கிய அன்று, இவர் மட்டும் டிரைவ்வேயில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்து, “யாரு ஊதறான்? எதுக்கு ஊதறான்?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ரகசியமாகச் சர்ப்ரைஸ் பார்ட்டி ஏற்பாடு செய்தோம். கேக்கோடு பூனை மாதிரி அடியெடுத்து வைத்து அவர் வாசலுக்குப் போனால், பட்டு வேட்டியில் கதவைத் திறந்து, “ஏன் லேட்டு?” என்றார்.

என் மகன் கவினின் மானம் இப்படிப்பட்டவர் கையில் போய்ச் சேரும் என்று நான் நினைக்கவே இல்லை.

கவின் உடம்பு வாகுக்கு ஹைஸ்கூல் ஃபுட்பால் டீமில் சேர்த்துக்கொண்டார்கள். காலால் உதைக்கிற பந்து இல்லை. கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். அதில் குவார்ட்டர்பேக் என்று ஒருவன் பந்தை எறிவான். அவன்தான் மாப்பிள்ளை. அவன் முன்னால் ஐந்து தடியர்கள் சுவர் மாதிரி நின்று எதிராளிகளைத் தடுக்க வேண்டும். கவின் அந்தச் சுவரில் ஒரு செங்கல். சுவரைத் தாண்டி வந்து, பந்தும் கையுமாக மாப்பிள்ளையைத் தரையில் சாய்த்துவிட்டால் அதற்குப் பெயர் ‘சாக்’. ஒரு சாக் விழுந்தால் பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்வார்கள்.

எங்கள் ஸ்கூலில் எல்லாருக்கும் ஒரே சாக்குதான்: கவின். குவார்ட்டர்பேக் பையனின் அப்பா, பெரிய டெக்சாஸ் தொப்பி வைத்தவர், ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று, “செவன்ட்டி டூ! வாட் ஆர் யூ டூயிங்?” என்று அலறுவார். எழுபத்திரண்டு என் மகனின் சட்டை நம்பர். இன்னும் இரண்டு மேட்ச் பார்ப்போம், அப்புறம் ஆட்டம் கிடையாது, ஓரமாகப் பெஞ்ச்தான் என்று கோச்சும் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்தும் கவின் காரைவிட்டு இறங்கவில்லை. “ஐம் டன், அப்பா” என்றான். பிரியாணியைக்கூட வேண்டாம் என்றான். என் மனைவி அப்போதுதான் பயந்தாள்.

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிட்ட பிள்ளையார் சதுர்த்தி பாட்லக்கில் நண்பர் செந்தில் என்னை ஓரம்கட்டினார். “கவினாலதான் தோக்கறாங்களாமே? ஸ்கூல் ஃபுல்லா அதான் பேச்சாம்.”

சுண்டல் தட்டோடு பக்கத்தில் முளைத்தார் டவுட்டு சார். “யார் சொன்னா?”

“எல்லாரும்தான் சொல்றாங்க, சார்.”

“எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாலே எனக்கு டவுட்டு வரும். மேட்ச் என்னைக்கு?”

வியாழன் சாயங்காலம், கொளுத்துகிற வெயிலில், குடையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆதரவுக்கு வந்திருக்கிறார் என்று நான் நெகிழ்ந்துபோன நேரத்தில் காதருகே குனிந்தார். “எதிர் டீம்ல உங்க பையனுக்கு ஃப்ரெண்டு யாராச்சும் உண்டா?”

“சார்!”

“கேக்கணும்ல.”

கொஞ்ச நேரத்தில் சத்தமாக எண்ண ஆரம்பித்தார். பந்து குவார்ட்டர்பேக் கைக்குப் போனதும், “ஒண்ணு... ரெண்டு... மூணு... போடுடா! நாலு... டேய், போடுடா!” பையன் போடவில்லை. விழுந்தான். தொப்பிக்காரர், “செவன்ட்டி டூ!” என்று கத்தினார்.

அடுத்து டவுட்டு சார் செய்ததுதான் விபரீதம். மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு பார்வையாளர்களையே உற்றுப் பார்க்கத் தொடங்கினார். என் மனைவி என்னை இடித்தாள். “ஏங்க, இவரு எதுக்கு நம்ம மூஞ்சியையே பாக்கறாரு?”

மேட்ச் முடிந்ததும் பார்க்கிங் லாட்டில் தீர்ப்பு வந்தது. “அந்தப் பையன் ஒவ்வொரு வாட்டியும் எறியறதுக்கு முன்னாடி மேல பாக்கறான். யாரைப் பாக்கறான்னு எனக்கு டவுட்டு. திரும்பிப் பாத்தேன். தொப்பி! அந்தாளு கையைத் தூக்கி, தூரமா போடு, தூரமா போடுன்னு சிக்னல் குடுக்கறார். தூரத்துல ஓடறவன் போய்ச் சேர வேணாமா? அதுவரைக்கும் இவன் பந்தைக் கட்டிப் புடிச்சுட்டு நிக்கறான். எந்தச் சுவரு அவ்வளவு நேரம் தாங்கும்?”

“கோச்கிட்ட சொல்லலாமா, சார்?”

“ப்ரூஃப்? அடுத்த மேட்ச்சுக்கு உங்க வீட்டம்மாவை பிரியாணி பண்ணச் சொல்லுங்க.”

அடுத்த வியாழக்கிழமை அவர் தொப்பிக்காரருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மலைபோலப் பிரியாணி வைத்த தட்டை ஒரு கையில் கொடுத்தார். இன்னொரு கையில் தயிர்ப் பச்சடிக் கிண்ணம். இரண்டு கையும் அடைபட்டது. காரத்தில் வாயும் அடைபட்டது. கீழே பையன் மேலே பார்த்தான். அப்பா கண்ணில் நீர் வழிய மென்றுகொண்டிருந்தார். சிக்னல் இல்லை. பையன் தயங்கி, கிட்டே இருந்தவனுக்கு டக்கென்று பந்தைப் போட்டான். அவன் பிடித்துக்கொண்டு ஓடினான். தட்டு காலியாகக் காலியாக டவுட்டு சார் நிரப்பிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் ஒரே ஒரு சாக். கவின் கால் வழுக்கி எதிராளியை விட்டுவிட்டான். உடனே டவுட்டு சார் அங்கிருந்தே எழுந்து என்னைப் பார்த்துத் தமிழில் கூவினார்: “இது உங்க பையன் தப்பு! க்ளீனா இவன் தப்பு!”

ஜெயித்துவிட்டோம். டவுட்டு சார் தொப்பிக்காரரிடம் நேராகவே சொன்னார்: “சார், யுவர் ஹேண்ட் இஸ் த ப்ராப்ளம்.” அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் முகம் சிவந்தது. பிறகு என்ன யோசித்தாரோ, அந்த சீசன் முடியும்வரை கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டுதான் மேட்ச் பார்த்தார். கவின் பெஞ்சுக்குப் போகவில்லை.

அன்று வேர்வையும் புல்லுமாக ஓடிவந்த கவின், “அங்கிள், யூ பிலீவ்டு மீ!” என்றான்.

“நம்பலப்பா” என்றார் டவுட்டு சார். “செக் பண்ணேன்.”

பல வாரங்களுக்குப் பிறகு என் மகன் வாய்விட்டுச் சிரித்தான். அவரைத் தரையிலிருந்து அப்படியே தூக்கிவிட்டான். “டேய், எறக்கு, எறக்கு! முதுகுக்கு இன்சூரன்ஸ் கவர் ஆகுமான்னு தெரியலடா!” என்று கத்தினார்.

இப்போது அவர் மகளோடு ஜெர்சி சிட்டியில் இருக்கிறார். கவின் காலேஜ் ஹாஸ்டலில். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுட்டு சார் போன் பண்ணுவார்.

“பையன் சௌக்கியமா?”

“சௌக்கியம், சார்.”

“நீங்க சொன்னா ஆச்சா? வைங்க, அவன்கிட்டயே கேட்டுக்கறேன்.”

கேட்கிறார். என்னிடம் ‘ஃபைன்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிற கவின், அவரிடம் அரைகுறைத் தமிழில் மணிக்கணக்காகப் பேசுகிறானாம். என்ன பேசுகிறார்கள் என்று நான் விசாரித்ததில்லை. அவர் விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே வருவதில்லை.